திருடன் கதை மட்டும் போதாது: திரைப்படச் சங்க நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் திரைப்படச் சங்கங்கள் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

சோவியத் பட வாரம் என்று உங்களிடமிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஐஸன்ஸ்டைன் இருப்பார், தார்க்கோவ்ஸ்கி இருப்பார், போர்க்காலப் படம் ஒன்றிரண்டு இருக்கும். அந்தத் தேர்வில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 1983 முதல் 1989 வரை லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் மக்கள் இரவுச் சாப்பாட்டை முடித்து, பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு, டிவி முன்னால் வந்து உட்கார்ந்தது துப்பறியும் படங்களுக்காக. அதிலும் ஓவியமோ, ஐகான் எனப்படும் கிறிஸ்தவப் புனிதர் படமோ, பழைய நகையோ எல்லை தாண்டிக் கடத்தப்படும் கதை என்றால் எங்கள் விடுதியின் பொது அறையில் நிற்க இடம் கிடைக்காது.

இந்தப் படங்களை நீங்கள் ஒரு முறைகூடத் திரையிட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு நிகழ்ச்சியில் மூன்று மாலைகளை இவற்றுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இன்னொரு வேண்டுகோளும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். படத்தைப் போட்டு முடித்ததும் விளக்கைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அந்தப் படங்கள் சொன்ன கதைக்குப் பக்கத்திலேயே, அவை சொல்லாமல் விட்ட கதையையும் வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாடு பிடிபடும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், 'புனித லூக்காவின் மீள்வரவு' என்பேன். 1970இல் மாஸ்கோவின் பட நிறுவனமான மோஸ்ஃபிலிம் எடுத்தது, இயக்கம் அனத்தோலி பப்ரோவ்ஸ்கி. டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த நற்செய்தியாளர் லூக்காவின் ஓவியம் மாஸ்கோ அருங்காட்சியகத்திலிருந்து திருடு போகிறது. திருடன் சிறையிலிருந்து தப்பி வந்த பழைய குற்றவாளி. கூட்டாளிகள் அவனை 'பிரபு' என்று அழைக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஓவியத்தை விற்க ஏற்பாடு நடக்கிறது. கர்னல் சோரின் மோப்பம் பிடித்துப் பின்தொடர்கிறார். சோரினாக வருபவர் விசெவலத் சனாயெவ். அலட்டிக்கொள்ளாமல், களைத்த முகத்தோடு, பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி இருப்பார்.

திருடனாக நடித்தவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'சோலாரிஸ்' படத்தில் விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து தான் கண்டதைச் சொல்லும் விமானி பர்ட்டன் நினைவிருக்கிறதா? அதே விளாதிஸ்லாவ் த்வோர்ஷெத்ஸ்கிதான். ஏறிய நெற்றி, பெரிய கண்கள். அவர் வந்து நின்றாலே காட்சி இறுகிவிடும். அவருடைய தந்தை வாத்ஸ்லாவும் பெரிய நடிகர், ஸ்டாலின் கால முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். முகாம் கைதியின் மகன் தப்பியோடிய கைதியாக நடிக்கிறார். இதை அறிந்துகொண்டு பார்த்தால் அந்த முகத்தில் வேறு என்னென்னவோ தெரிகிறது. 1978இல், 39 வயதில், விளாதிஸ்லாவ் இறந்துபோனார்.

இப்போது உண்மைச் சம்பவத்துக்கு வருகிறேன். அந்த ஓவியம் கற்பனை இல்லை. 1965 மார்ச் மாதம் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் ஹால்ஸின் லூக்கா உண்மையாகவே திருடு போனது. அது மாஸ்கோவின் சொத்தும் இல்லை. ஒடெஸா அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கண்காட்சிக்காக வந்திருந்தது. ஒடெஸாவில் லூக்கா, மத்தேயு என்ற இரு நற்செய்தியாளர் ஓவியங்களும் யார் வரைந்தது என்றே தெரியாமல் நெடுங்காலம் கிடந்தன. 1950களின் இறுதியில் லெனின்கிராடின் பெரிய அருங்காட்சியகமான ஹெர்மிடாஷின் ஆய்வாளர் இரினா லின்னிக்தான் இவை ஹால்ஸின் கைவண்ணம் என்று கண்டுபிடித்து நிறுவினார். அப்படி அடையாளம் கிடைத்துச் சில ஆண்டுகளுக்குள் யாரோ சட்டகத்திலிருந்து லூக்காவைக் கத்தியால் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

சில மாதங்களில் ஆள் அகப்பட்டான். வெளிநாட்டவர் ஒருவரிடம் விலை பேசப் போய்ச் சிக்கினான். அவன் யார் தெரியுமா? சிறையிலிருந்து தப்பியவனோ பழைய ரவுடியோ கிடையாது. சேதமான ஓவியங்களைச் சீர்செய்யும் தொழில் கற்ற இளைஞன். துணியை எப்படித் தொட வேண்டும், வண்ணம் எங்கே உதிரும் என்று தெரிந்த கை அது.

படம் இதை ஏன் மாற்றியது? நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். தப்பிவந்த குற்றவாளி என்றால் நோய் வெளியிலிருந்து வந்தது என்று ஆகிவிடும். சீர்செய்யும் தொழிலாளி என்றால் அப்படிச் சொல்ல முடியாது. அருங்காட்சியகத்து ஊழியருக்குச் சம்பளம் எவ்வளவு, வெளிநாட்டுக்காரர் நீட்டும் பணம் எவ்வளவு, காவல் எவ்வளவு ஓட்டை என்று கேள்விகள் உள்ளே திரும்பும். படம் பார்த்த அன்றைக்கே 1965 சம்பவத்தையும் நீங்கள் பத்து நிமிடம் சொன்னால் போதும், பார்வையாளர்களே மற்றதைப் பேசிக்கொள்வார்கள்.

இந்தக் கதைகளில் ஏன் எப்போதும் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் நிழல் விழுகிறது என்பதையும் விளக்க வேண்டும். திருட்டைப் பார்த்துக்கொள்வது மிலீஷியா, அதாவது அங்கத்துப் போலீஸ். ஓவியம் காணாமல் போனால் அவர்களுடைய வேலை. ஆனால் அது எல்லையை நோக்கி நகரத் தொடங்கிய நிமிடத்தில் குற்றத்தின் பெயர் மாறிவிடும். ரஷ்யக் குடியரசின் 1960ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் கடத்தல் 78ஆம் பிரிவு. அது அரசுக்கு எதிரான குற்றங்கள் அடங்கிய அத்தியாயத்தில் இருந்தது. திருட்டு, மோசடியோடு சேர்த்து வைக்கவில்லை. ஒரு பழைய ஐகானைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவது சட்டத்தின் கண்ணில் அரசைத் தொட்ட குற்றம். அதனால்தான் படத்தின் பாதியில் அமைதியாகப் பேசும் ஒருவர், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, மிலீஷியா அதிகாரியின் அறைக்குள் வந்து உட்காருவார். எங்கள் விடுதியில் அந்தக் கட்டம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். 1984இல் லென்ஃபிலிம் மூன்று பாகமாக எடுத்த 'ஷார்லோட்டின் கழுத்தணி' வந்தபோது, எனக்கு ரஷ்ய மொழி அரைகுறையாகத்தான் பிடிபட்டிருந்தது. வசனம் பாதி புரியாவிட்டாலும், அந்த மௌனம் நன்றாகவே புரிந்தது.

எங்கள் விடுதி வாசலில் சாவிகளைக் காத்துக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பேர் சொல்ல வேண்டாம், அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் தேநீர் வைத்துக்கொண்டு, பொது அறைக் கதவு ஓரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு டிவி பார்ப்பார். கதவுக்கு ஒரு கண், கதைக்கு ஒரு கண். 'நிபுணர்கள் விசாரிக்கிறார்கள்' தொடர் என்றால் இரண்டு கண்ணும் கதைக்குத்தான். 1971இல் தொடங்கி 1989 வரை 22 வழக்குகளாக வந்த தொடர் அது. ஸ்னாமென்ஸ்கி, தோமின், கிப்ரித் என்ற மூன்று அதிகாரிகளின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்னாதாகி', ரஷ்ய மொழியில் விஷயம் தெரிந்தவர்கள், நிபுணர்கள் என்று பொருள்.

அதில் 1979இல் எடுத்த ஒரு வழக்கு, பெயர் 'வெள்ளரிக்காயோடு இளமேய்ப்பன்'. ஜார் காலத்து நகைக் கலைஞர் ஃபேபர்ஜேயின் பெயரில் போலிப் பொருள்கள், ஓவியத் திருட்டு, பழம்பொருள் சேகரிப்பாளர்கள் என்று போகும். அது மறுஒளிபரப்பானபோது பாட்டி ஒரு வார்த்தை சொன்னார். திரையில் சேகரிப்பாளர் வீடு. வளைந்த கால் நாற்காலி, பொன் பூச்சுச் சட்டம், சுவர் நிறையப் படங்கள். பாட்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் வீட்டுக் கடிகாரமும் இப்படித்தான் ஒரு சுவரில் இருக்கும், மகனே" என்றார்.

1941 குளிர்காலத்தில், நகரம் ஜெர்மன் படையின் முற்றுகையில் கிடந்தபோது, வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியிலும் மாவு பாதிதான். பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவருடைய அம்மா, தாத்தா காலத்துக் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிச் சறுக்குக்கட்டையில் வைத்து இழுத்துப் போய் ரொட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம். எத்தனை ரொட்டி என்று கேட்டேன். கையை அகட்டிக் காட்டினார், ஒரு முழத்துக்கும் குறைவு. வாங்கியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. "அவரிடம் ரொட்டி இருந்தது. அவ்வளவுதான் தெரியும்" என்றார். அப்புறம் டம்ளரை எடுத்துக்கொண்டு மீதித் தொடரைப் பார்த்தார்.

லெனின்கிராடின் தனியார் சேகரிப்புகள் சில அந்தப் பசியில் வளர்ந்தவை என்பது அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயம். ஆகவே திரையில் சேகரிப்பாளர் கெட்டவராக வரும்போது பாட்டிக்கு அது பிரச்சாரமாகத் தோன்றவில்லை. அவருக்கு அது சொந்தக் கணக்கு. உங்களில் சிலர் இந்தப் படங்களை வெறும் அரசு விளம்பரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் கேட்டிருக்கிறேன். அப்படி ஒதுக்க என்னால் முடியாது. அந்தப் பாட்டியை அதில் எங்கே வைப்பது?

அதே சமயம் மறுபக்கமும் உண்டு. ஜார்ஜ் கோஸ்டாகிஸ் என்று ஒருவர் மாஸ்கோவில் இருந்தார். கிரேக்க வம்சாவளி, கனடாத் தூதரகத்தில் வேலை. மாலேவிச், பப்போவா, ரொத்சென்கோ போன்ற புதுமை ஓவியர்களை அரசே நிலவறையில் போட்டுப் பூட்டியிருந்த காலத்தில், இவர் வீடு வீடாகப் போய், மறந்துபோன பலகைகளையும் துணிகளையும் தேடிச் சேர்த்தார். அந்தத் தலைமுறையின் ஓவியங்களில் கணிசமானவை இன்று இருப்பதற்கு அவர் ஒரு காரணம். கேஜிபி அவரைக் கண்காணித்தது, வீட்டில் திருட்டு நடந்தது. கடைசியில் 1977இல், சேகரிப்பின் பெரும்பகுதியை மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு வெளியேற அனுமதி பெற்றார். அந்த மீதியில் பெரும்பங்கு இப்போது கிரேக்கத்தின் தெசலோனிகியில் அருங்காட்சியகமாக இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் இப்படி ஒரு சேகரிப்பாளர் வந்து நான் பார்த்ததில்லை. 'இளமேய்ப்பன்' காட்டும் மாலையில் கோஸ்டாகிஸைப் பற்றியும் பேசுங்கள்.

இனி நான் எழுத வந்த முக்கிய விஷயம்.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஓர் அடிப்படை உண்டு. தேசத்தின் கலைச் செல்வத்தை வெளியே கொண்டுபோகப் பார்ப்பவன் ஒரு தனிமனிதன், அதைக் காப்பது அரசு. பார்த்துப் பார்த்து நானும் அதை நம்பியிருந்தேன். ஹெர்மிடாஷுக்கு ஞாயிறுதோறும் போவேன். எங்களுக்கு அங்கே ராஃபேலின் ஓவியம் இரண்டு என்று சொல்லிக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் நான்கு இருந்தன என்று யாரும் சொல்லவில்லை.

மற்ற இரண்டும் வாஷிங்டனில் இருக்கின்றன. எந்தக் கடத்தல்காரனும் கொண்டுபோகவில்லை. சோவியத் அரசு விற்றது. 1920களின் இறுதியில், தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வாங்க வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்று, 'அன்திக்வாரியாத்' என்ற அரசு அமைப்பின் வழியாக ஓவியங்களும் ஐகான்களும் அரண்மனைப் பொருள்களும் விற்பனைக்குப் போயின. எண்ணெய் வணிகர் குல்பென்கியன் வாங்கிய ரெம்பிராண்டும் ரூபென்ஸும் இன்று லிஸ்பனில். அமெரிக்க நிதித்துறைச் செயலாளராக இருந்த ஆண்ட்ரூ மெல்லன், 1930க்கும் 1931க்கும் இடையில், ஹெர்மிடாஷின் 21 ஓவியங்களை ஏறத்தாழ 66.5 லட்சம் டாலருக்கு வாங்கினார். ராஃபேலின் 'ஆல்பா மடோனா' ஒன்றுக்கே 11,66,400 டாலர். வான் ஐக், தித்தியன் எல்லாம் அந்தக் கட்டில் போனார்கள். விவிலியத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் ஒன்றான கோடெக்ஸ் சினாயிடிகஸை 1933இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது.

இது இரவில் நடந்த திருட்டு இல்லை. ரசீது போட்டு, முத்திரை குத்தி, பெட்டியில் அடைத்து அனுப்பியது. ஆனால் சொந்த மக்களிடம் சொல்லவில்லை. நான் இதை முதன்முதலில் படித்தது சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டி, தன் கடிகாரத்தை வாங்கியவனைச் சபித்துக்கொண்டு செத்திருப்பார். நான்கு ராஃபேல் இரண்டானது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இந்த விற்பனைக் காலத்தில் ஒரு மனிதர் துணிந்து கடிதம் எழுதினார். இயோசிஃப் ஒர்பேலி, ஹெர்மிடாஷின் கீழைத்தேயப் பிரிவைக் கட்டியெழுப்பிய அறிஞர். பழைய பாரசீகத்தின் சாசானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்களின் மேல் விற்பனைக்காரர்கள் கைவைக்க வந்தபோது, 1932இல் ஸ்டாலினுக்கே எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பதில் வந்தது. கீழைத்தேயப் பிரிவைத் தொட வேண்டாம் என்று பதில். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் அந்தப் பிரிவின் கணக்கில் சேர்த்துக் காத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஒர்பேலி பின்னால் ஹெர்மிடாஷின் இயக்குநரானார். கத்தியும் துப்பாக்கியும் இல்லாத துப்பறியும் கதை அதுதான், அதை யாரும் தொடராக எடுக்கவில்லை.

பாதி உண்மையாவது பேசிய படம் ஒன்று உண்டு. 'பாட்டாளிவர்க்க சர்வாதிகாரத்துக்கான வைரங்கள்', 1975, எஸ்தோனியாவின் தாலின்ஃபிலிம், இயக்கம் கிரிகோரி குரோமனவ், மூலக்கதை யூலியன் செம்யோனவ். 1921இல் அரசு நகைக் கிடங்கான கோஹ்ரானிலிருந்து வைரங்கள் கசிந்து தாலினுக்குப் போகும் கதை. உண்மை வழக்கை ஒட்டியது, மதிப்பீட்டாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தலைப்பிலேயே இருக்கிறது, இந்த வைரங்கள் வெளியே போகத்தான் போகின்றன, ரொட்டிக்காக அரசு விற்கத்தான் போகிறது என்று. பஞ்சத்தில் வோல்கா ஓரம் மக்கள் மடிந்த ஆண்டு அது. விற்க வேண்டிய நியாயம் அங்கே இருந்ததையும் படம் காட்டுகிறது. மூன்று மாலையில் ஒன்றை இதற்குக் கொடுங்கள்.

டிரெஸ்டன் படத்தையும் சேர்க்கச் சொல்வேன், நேரம் இருந்தால். 'ஐந்து பகல்கள், ஐந்து இரவுகள்', சோவியத்தும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்தது, 1960. குண்டுவீச்சில் எரிந்த டிரெஸ்டனில் ஓவியங்களைச் செஞ்சேனை தேடி மீட்கிறது. அதற்கு இசையமைக்கப் போன ஷோஸ்தகோவிச், இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த ஊரில் தங்கி மூன்றே நாளில் தன் எட்டாவது நால்வாத்திய இசையை எழுதினார். படம் சொல்வதில் பொய் இல்லை. மீட்ட ஓவியங்களை 1955இல் புஷ்கின் அருங்காட்சியகத்தில் காட்டிவிட்டு டிரெஸ்டனுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதே கட்டடத்தின் கிடங்கில், பெர்லினிலிருந்து 1945இல் கொண்டுவந்த ட்ராய் தங்கம், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஷ்லீமன் தோண்டி எடுத்தது, பூட்டிக் கிடந்தது. தங்களிடம் இல்லை என்றே பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு 1996இல்தான் காட்சிக்கு வைத்தார்கள். லூக்காவை அறுத்துக்கொண்டு போன 1965இலும் அந்தத் தங்கம் அதே கூரையின் கீழ்தான் இருந்தது.

விக்தர் பால்டின் பற்றியும் ஒரு வார்த்தை. 1945இல் ஜெர்மன் மாளிகை ஒன்றின் நிலவறையில் வீரர்கள் காலில் மிதிபட்டுக் கிடந்த, ஜெர்மன் நகரமான பிரேமனின் அருங்காட்சியகத்து ஓவியத் தாள்களைக் கண்ட சோவியத் அதிகாரி. 364 படைப்புகளைப் பெட்டியில் காத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். பிறகு வாழ்நாள் முழுக்க, இவற்றைப் பிரேமனுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு தலைவர் மாற்றி ஒரு தலைவருக்கு எழுதினார். நடக்கவில்லை. எடுத்தவரே கொடுக்கக் கெஞ்சியும் நடக்கவில்லை.

காவலர்களைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 'ரெசிடெண்டின் தவறு' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தில் வெளிநாட்டு உளவாளியாக நடித்து நாடே கொண்டாடிய கியோர்கி ஷ்ஷோனவ், 1938இல், ரயில் பயணத்தில் ஓர் அமெரிக்கரோடு பேசிய காரணத்தால், உளவாளி என்ற பெயரிலேயே கைதாகி, ரஷ்யாவின் வடகிழக்கில் இருந்த கொலிமா முகாமுக்குப் போனவர். 1955இல்தான் குற்றமற்றவர் என்றார்கள். அடுத்து, மிலீஷியாவை நேர்மையின் வடிவாகக் காட்டும் தொடர்கள் பெருகிய காலத்தில், 1966 முதல் 1982 வரை, உள்துறை அமைச்சராக இருந்தவர் நிக்கலாய் ஷெலோகவ். பதவி போன பிறகு, வழக்குகளில் பறிமுதலான பழம்பொருள்கள் அவர் வசம் போய்ச் சேர்ந்தன என்று இராணுவ வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தது. விசாரணை நீதிமன்றத்தை எட்டவில்லை. 1984 டிசம்பரில் அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்த வாரம் எங்கள் விடுதியில் யாரும் அதைச் சத்தமாகப் பேசவில்லை. டிவியில் தொடர் வழக்கம் போல ஓடிக்கொண்டிருந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றும் இருக்கிறது. 1989இல் ஊர் திரும்பும்போது பாட்டி ஒரு சின்னப் பித்தளை ஐகானை என் கையில் வைத்து மூடினார். மூன்று மடிப்பு, மூடினால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நீல எனாமல் ஓரங்களில் தேய்ந்து பித்தளை தெரியும். முற்றுகையில் அம்மா விற்காமல் வைத்திருந்த ஒரே பொருள். எனக்கு அதன் வயது தெரியாது, விலை தெரியாது, பழம்பொருளுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும் தொடர்களைப் பார்த்த புண்ணியத்தில் தெரியும். இருந்தும் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். சுங்கச் சோதனையில் அதிகாரி சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்தார். ஐகானை எடுத்து, நகத்தால் எனாமலைச் சுரண்டிப் பார்த்து, யார் கொடுத்தது என்றார். கடையில் வாங்கியது என்று சொன்னேன். பாட்டி பெயரைச் சொன்னால் அவர் வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்கள் என்று பயம். அதிகாரி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐகானை மேசை இழுப்பறையில் போட்டார். இழுப்பறை மூடிய சத்தம் இப்போதும் கேட்கிறது. அது அருங்காட்சியகத்துக்குப் போனதா, யாராவது வீட்டுக்குப் போனதா, தெரியாது. பாட்டிக்குக் கடைசி வரை நான் எழுதவில்லை. பத்திரமாக இருக்கிறது என்று பொய் எழுத வரவில்லை.

அதனால்தான் இந்தப் படங்களை நான் விரும்புகிறேன், இவற்றின் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. நீங்கள் இவற்றை ஏக்கத்தோடு மட்டும் காட்டினாலும் சரி, ஏளனத்தோடு மட்டும் காட்டினாலும் சரி, எனக்கு வருத்தமாக இருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். மோஸ்ஃபிலிம் தன் பழைய படங்களைப் பல ஆண்டுகளாக யூடியூபிலேயே இலவசமாக வைத்திருக்கிறது. திரையிட முறையான அனுமதி கேட்டு எழுதும் வேலையை நான் செய்கிறேன். வாஷிங்டன் அருங்காட்சியகம் தன் ஓவியப் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. 'ஆல்பா மடோனா'வை வட்டமாக, பெரிதாக அச்சிட்டு அரங்கின் வாசலில் மாட்டுங்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும், லெனின்கிராடில் ஒரு காலத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

லூக்காவை அறிமுகப்படுத்தும்போது ஒடெஸா உக்ரைனில் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 2022இல் போர் தொடங்கியதும் அந்த அருங்காட்சியகத்து ஓவியங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 2025இல் அவற்றில் 60 பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் எந்த அருங்காட்சியகத்தின் ஓவியத்தைத் திருடனிடமிருந்து மாஸ்கோ மீட்டுக் கொடுத்ததோ, அதே அருங்காட்சியகம் இன்று மாஸ்கோவின் குண்டுகளுக்கு அஞ்சிச் சுவர்களைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. படம் பார்க்க வருகிற இளைஞர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

தமிழ் வசன வரிகள் பற்றிக் கவலை வேண்டாம். 'லூக்கா'வுக்கு முதல் நாற்பது நிமிடம் முடித்துவிட்டேன். சோரினை மற்ற அதிகாரிகள் பெயரும் தந்தை பெயரும் சேர்த்து மரியாதையாக அழைப்பார்கள். அதை அப்படியே வைப்பதா, 'ஐயா' என்று போடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் ரஷ்ய மொழி அறிந்தவர் யாராவது இருந்தால் ஒரு மாலை வந்து கூட உட்காருங்கள், மீதியைச் சேர்ந்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
லெனின்கிராடில் படித்த ஒரு பழைய மாணவன்